அப்பாவின் சர்க்கரை இறங்கிய மாதம்

2019 ஆவணி மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. பத்து வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் 180, 200 என்று காட்டிக்கொண்டிருந்த கருவி திடீரென்று 110 காட்டியது. அடுத்த வாரம் 92. தான் ஊறவைத்துக் கொடுக்கும் வெந்தயத் தண்ணீர்தான் வேலை செய்கிறது என்றாள் அம்மா. அப்பா ஒருவழியாக ராத்திரி பரோட்டாவை விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். உள்ளூர் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேசரி கிண்டினோம். அப்பா கேட்டு வாங்கி ஒரு கரண்டி சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து விடிகாலை நாலு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். அப்பா எழுப்பினால் சரியாக எழவில்லை, சட்டை நனைந்துபோகும் அளவுக்கு வேர்க்கிறது, ஏதோ உளறுகிறார். நான் இருப்பது திண்டுக்கல்லில், அவர்கள் சின்னாளபட்டியில். போனிலேயே கருவியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 38. நல்லவேளையாக விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். (நினைவே இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிதான். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.)

மாத்திரை அதிகமாகிவிட்டது என்று சொல்லி முழுசாக நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் விடிகாலைகளில் 45, 50 என்று விழுந்தது. சர்க்கரை மாத்திரையே சாப்பிடாத சர்க்கரை நோயாளிக்கு எப்படிச் சர்க்கரை இவ்வளவு குறையும் என்ற கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விலங்கியல் நடத்துகிறவள். நானே கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் போன அந்த எட்டு நாட்கள் இன்னும் மனதில் உறுத்துகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் பார்த்த டாக்டர் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டார். சர்க்கரை குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து ரத்தம் எடுத்து, அதில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். மிகக் குறைவு. "இன்சுலின் இல்லாமலே சர்க்கரை விழுதும்மா. அப்போ இன்சுலின் பண்ணுற வேலையை வேற ஏதோ ஒண்ணு பண்ணிட்டு இருக்கு" என்றார். அப்புறம் அப்பாவைப் படுக்கவைத்து வலப்பக்க விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது, அந்த இடம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. தறியில் குனிந்தே உட்கார்ந்திருந்த உடம்பு என்பதால் நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கத்தில் 9 சென்டிமீட்டர் கட்டி. கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையின் ஒரு கிளைக்குள்ளும் அது நுழைந்திருந்தது. சுற்றியிருந்த கல்லீரல் முண்டும் முடிச்சுமாக இறுகிப்போயிருந்தது. கல்லீரல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையில் எண் ஆயிரக்கணக்கில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்று இன்னொரு தாள் சொன்னது. நாங்கள் கொண்டாடிய அந்தச் சர்க்கரைக் குறைவு, கட்டி சுரந்த ஒரு பொருளின் வேலை. அதன் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 2, சுருக்கமாக ஐஜிஎஃப்-2.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன என்பதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஒரு செல் பிளந்து இரண்டாக ஆவது அதன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. பக்கத்துச் செல்லிடமிருந்தோ ரத்தம் வழியாகவோ ஒரு சிறு புரதம் வந்து, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி என்ற இன்னொரு புரதத்தில் பொருந்த வேண்டும். பொருந்தியதும் செய்தி உள்ளே ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போவதுபோல நகர்ந்து, உட்கரு வரை போகிறது. 'வளர்' என்பதுதான் செய்தி. ஸ்டான்லி கோஹென் என்ற விஞ்ஞானி பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஒரு சாற்றை ஊசியில் ஏற்றியபோது, அவை வழக்கத்தைவிடச் சில நாள் முன்னாலேயே கண் திறந்தன, பல்லும் சீக்கிரம் முளைத்தது. அந்தச் சாற்றுக்குள் இருந்ததுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மொந்தால்சினியோடு சேர்த்து 1986ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். வகுப்பில் இந்த எலிக்குட்டிக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது எங்கள் வீட்டுக்குள் வரும் என்று நினைத்ததில்லை.

கல்லீரலுக்கு இந்தச் செய்திகள் மற்ற உறுப்புகளைவிட அதிகம் தேவை. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும், மிச்சம் இருப்பது ஒரு வாரம் பத்து நாளில் பழைய எடைக்கு வந்துவிடும். மகனோ மகளோ பெற்றவருக்குக் கல்லீரல் பகுதியைத் தானம் கொடுக்க முடிவதும் இதனால்தான். அந்த வளர்ச்சியைத் தூண்டுவது எது என்று தேடியபோது, 1984ல் ஜப்பானில் நாகமுராவின் குழு எலியின் ரத்தத்தில் கல்லீரல் செல்லை வளர்க்கும் ஒரு காரணியைப் பிரித்துக் காட்டியது. எச்ஜிஎஃப் என்று அதைச் சொல்கிறார்கள். அடிபட்டதும் இது வேலை செய்யச் சொல்லும். போதிய அளவு வளர்ந்ததும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வேறு செய்திகள் நிறுத்தச் சொல்லும். செல்களும் கேட்டு நின்றுவிடும். என்னை வியக்க வைப்பது வளர்வதைவிட அந்த நிற்பதுதான்.

அப்பாவின் கல்லீரலுக்கு நிற்க நேரமே கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி பெரும்பாலும் நேரடியாகக் கல்லீரல் செல்லைக் கொல்வதில்லை. கிருமி இருக்கும் செல்லைக் கண்டு நம் எதிர்ப்புச் செல்களே தாக்குகின்றன. செத்த செல்லுக்குப் பதில் பக்கத்துச் செல் பிளக்க வேண்டும். தாக்குதல், பழுதுபார்ப்பு, மறுபடி தாக்குதல் என்று நாற்பது ஐம்பது வருடம். நட்சத்திரம் போல இருக்கும் சில செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவும் பிடிஜிஎஃப் என்ற காரணியும் சொல்வதைக் கேட்டு நாராக நூற்றுத் தள்ளுகின்றன. அதுதான் அந்த முண்டும் முடிச்சும். ஒவ்வொரு முறை செல் பிளக்கும்போதும் மரபணுவைப் பிரதி எடுக்க வேண்டும், எடுக்கும்போது பிழை விழும். கிருமி தன் மரபணுத் துண்டைக் கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள் செருகவும் செய்கிறது. எப்போதோ ஒரு செல்லில், 'வளர்' செய்தியைக் கேட்கும் பாதையிலோ 'நில்' செய்தியைக் கேட்கும் பாதையிலோ கோளாறு வருகிறது. அப்புறம் அது வெளியிலிருந்து செய்தி வருவதற்குக் காத்திருப்பதில்லை. தானே காரணியைச் சுரந்து, தானே கேட்டு, தானே வளர்கிறது.

ஐஜிஎஃப்-2 கருவில் இருக்கும்போது நமக்கு அதிகம் தேவைப்படும் காரணி. பிறந்த பிறகு கல்லீரல் அந்தக் காலத்துச் சுரப்பை அடக்கிவைத்துவிடுகிறது. ஏஎஃப்பியும் அப்படித்தான், கருவிலிருக்கும் கல்லீரல் சுரக்கும் புரதம். கல்லீரல் புற்றுநோயில் இந்தப் பழைய பக்கங்கள் திரும்பத் திறக்கின்றன. அறுபத்தோரு வயது மனிதரின் வயிற்றுக்குள் ஒரு பகுதி, பிறக்காத குழந்தையின் கல்லீரலைப் போல நடந்துகொள்கிறது. சில கட்டிகள் இந்த ஐஜிஎஃப்-2ஐ முழுசாகப் பக்குவப்படுத்தாமல், பெரிய வடிவிலேயே ரத்தத்தில் கொட்டுகின்றன. சாதாரணமாக அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களால் இந்தப் பெரிய வடிவைச் சரியாகப் பிடித்து வைக்க முடிவதில்லை. அது தசைக்குள் போய் இன்சுலினின் ஏற்பியைத் தொட்டுச் சர்க்கரையை உள்ளே இழுக்கவைக்கிறது. எல்லோருக்கும் இப்படி வராது, அபூர்வம்தான். ஆனாலும் சொல்கிறேன்: நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்குக் காரணமே தெரியாமல் சர்க்கரை குறைந்துகொண்டே போனால், சந்தோஷப்படுவதற்கு முன் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புற்றுநோய் இல்லாவிட்டாலும் அந்த இரண்டும் கெட்டுப்போனால் சர்க்கரை குறையும்.

அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தது நான்தான். தம்பி வேண்டாம் என்றான். ஆனால் மாத்திரை சாப்பிடப் போகிறவர் அவர். தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலிக்குட்டி முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "கைத்தறி நான் மிதிச்சாத்தான் ஓடும் தாயி. விசைத்தறி கரண்டு இருக்கிறவரைக்கும் ஓடும். சில பழைய தறியில இழை அறுந்தாக்கூட நிக்காது, ஓட்டையோட நெய்துக்கிட்டே போகும். அந்த மாதிரிதானே?" என்றார். அந்த மாதிரிதான் அப்பா என்றேன். அதற்கு மேல் நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கட்டி சிரைக்குள் நுழைந்துவிட்டதால் அறுவை சிகிச்சையோ மாற்றுக் கல்லீரலோ வழியில்லை என்றார்கள். மாத்திரைதான். சோராஃபெனிப். ரத்தக் குழாயை வளரச்சொல்லும் விஇஜிஎஃப் என்ற காரணியின் ஏற்பியையும், பிடிஜிஎஃப் ஏற்பியையும், செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ராஃப் என்ற புரதத்தையும் அது தடுக்கிறது. புதுக் குழாய் இல்லாமல் கட்டி பெரிதாக முடியாது என்பது கணக்கு. 2008ல் வெளியான பெரிய ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 10.7 மாதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.9 மாதம். மூன்று மாதத்துக்கும் குறைவான வித்தியாசம். டாக்டர் இதை மறைக்காமல் சொன்னார். அவருக்கு நான் என்றும் நன்றியுடன் இருப்பேன். எண்ணைத் தெரிந்துகொண்டதால்தான் நாங்கள் நிலத்தை விற்கவில்லை, அப்பாவும் விற்கவிடவில்லை.

மாத்திரை எங்களுக்கு எட்டும் விலையில் இருந்ததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இதே மருந்துக்கு ஒரு காலத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய். 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நம் நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் வேறு நிறுவனம் தயாரிக்கலாம் என்ற அனுமதியை, கொடுத்தது இந்த மருந்துக்குத்தான். நாட்கோ என்ற ஹைதராபாத் நிறுவனம் மாதம் 8,800 ரூபாய்க்குத் தரலாம் என்று ஆனது. மேல்முறையீட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், 2013ல் அந்த உத்தரவை உறுதி செய்தது. ஒரு நெசவாளி இந்த மாத்திரையை வாயில் போட முடிந்ததற்குப் பின்னால் இத்தனை பேருடைய வழக்கும் வாதமும் இருக்கின்றன. மாதாமாதம் மருந்துக்கடையில் பணம் கட்டும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

இப்போது நாங்கள் செய்த தவறு. காலை இரண்டு, மாலை இரண்டு என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. கை காலில் தோல் உரியலாம் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். படித்தேன், மடித்து வைத்தேன். பதினோராவது நாள் அப்பா தறியை நிறுத்தினார். உள்ளங்கையில் நாடாக் கயிற்றைப் பிடிக்கும் இடமும், பாதத்தில் மிதியை அழுத்தும் இடமும் சிவந்து, காப்புக் காய்த்திருந்த தோலுக்கு அடியில் கொப்புளம். இரண்டு நாளாக இருந்ததாம். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை. மூன்றாவது நாள் நடக்க முடியவில்லை. கடைசியில் பத்து நாள் மாத்திரையை முழுசாக நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் பாதி அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்கள்.

ஏன் அந்த இடத்தில் மட்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். நாம் நடக்கும்போதும் அழுத்திப் பிடிக்கும்போதும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓயாமல் நசுங்கிச் சிதைகின்றன, உடம்பு அதே வளர்ச்சிச் செய்திகளை வைத்து அவற்றை அவ்வப்போது சரிசெய்துகொள்கிறது, மருந்து அந்தச் செய்தியை உடம்பு முழுக்க அடைத்துவிடுகிறது, அதனால் அழுத்தம் படும் இடம் ஆறாமல் போகிறது என்று கருதுகிறார்கள் என்றார். எனக்கு அங்கேதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. இந்த மருந்துகள் கட்டியைக் குறிவைத்து அடிக்கும் விஷம் இல்லை. நம் உடம்பு நல்ல காரியத்துக்கு வைத்திருக்கும் ஒரு பேச்சை அடைக்கின்றன. அந்தப் பேச்சு வேறு எங்கெல்லாம் தேவையோ அங்கெல்லாம் தொல்லை வரும். ரத்தக் குழாய்ச் சுவர் தளர்வதற்கும் விஇஜிஎஃப் தேவை, அதனால் ரத்த அழுத்தம் ஏறும். காயம் ஆறுவதற்குத் தேவை, அதனால் பல் பிடுங்குவதாக இருந்தால்கூட டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே மாத்திரையை நிறுத்தவேண்டும். இப்படி யோசிக்கத் தெரிந்தபிறகு அந்த அச்சடித்த தாளை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு குடும்பம் இதே மாத்திரையை ஆரம்பிக்கப் போகிறது என்றால், நான் போய்ச் சொல்வது இதுதான். முதல் மாத்திரைக்கு முன்னாலேயே காலைப் பாருங்கள். காப்புக் காய்த்த தோலையும் பித்தவெடிப்பையும் தோல் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். நீங்களே பிளேடால் சீவ வேண்டாம். யூரியா கலந்த கிரீம், 10 சதவீதம் என்று கேட்டால் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், அதை முதல் நாளிலிருந்தே காலையும் இரவும் தடவுங்கள். தோல் தொல்லையை அது குறைக்கிறது என்று ஆய்வே இருக்கிறது. எங்களுக்கு இரண்டாவது முறை ஆரம்பித்தபோது நன்றாகவே பலன் தெரிந்தது. மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். முதல் ஆறு வாரம்தான் மோசம். அந்த ஆறு வாரம் சூடான பாத்திரம், துணி அடித்துத் துவைப்பது, அதிக தூரம் நடப்பது எதுவும் வேண்டாம். வீட்டிலேயே ரத்த அழுத்தக் கருவி வாங்கி நோட்டில் எழுதுங்கள். முக்கியமாக, தினமும் ராத்திரி படுக்கும்போது நீங்களே பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். சிவப்பு தெரிந்த அன்றே சொன்னால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். அளவைக் குறைப்பது தோல்வி இல்லை. தோலில் தொல்லை வந்தவர்களுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதாக டாக்டர் சொன்னபோது அப்பா முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விடிகாலைச் சர்க்கரைச் சரிவை எப்படிச் சமாளித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு சாப்பாடு. கேழ்வரகுக் கஞ்சியும் முட்டையும், சில நாள் இட்லியும் கடலைத் துவையலும். டாக்டர் சொன்னபடி கார்ன்ஃப்ளார் என்று விற்கும் மக்காச்சோள மாவைச் சமைக்காமல் தண்ணீரில் கரைத்து ஒரு டம்ளர். அது மெதுவாகச் செரித்துச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை சோதனை. இறுகிய கல்லீரலால் ராத்திரிக்குத் தேவையான சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது, அதனால் புற்றுநோய் இல்லாமல் கல்லீரல் மட்டும் இப்படி இறுகிப்போன சிரோசிஸ்காரர்களுக்கும் படுக்கும்முன் சாப்பாடு நல்லது. கல்லீரல் நோய் என்றாலே பருப்பு கூடாது, முட்டை கூடாது என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதைக் கேட்டு முதல் மாதம் அப்பாவை ரசம் சாதத்திலேயே வைத்திருந்தோம். கையில் சதையே இல்லாமல் போனது. புரதம் வேண்டும், தேவைக்குக் குறைக்கவே கூடாது என்று உணவு ஆலோசகர் திட்டிய பிறகுதான் மாற்றினோம். சர்க்கரைக்காகக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஹெபடைடிஸ் பி கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். அடக்கி வைக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி சீறி எழும். வேறு எந்த நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பதானாலும், ஹெபடைடிஸ் பி இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

2020 ஊரடங்கில் மாத்திரை கூரியரில் வந்தது, டாக்டர் போனில் பார்த்தார். ஜூன் மாத ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. லென்வாட்டினிபுக்கு மாற்றினார்கள். அப்பா எடை 52 கிலோ. 60 கிலோவுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு 8 மில்லிகிராம்தான். இது விஇஜிஎஃப் ஏற்பிகளோடு எஃப்ஜிஎஃப் என்ற இன்னொரு குடும்பத்தின் ஏற்பிகளையும் அடைக்கிறது. குரல் கம்மியது, தைராய்டு குறைந்தது.

அந்தச் சமயத்தில் நான் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். எச்ஜிஎஃப்பின் ஏற்பியை மட்டும் அடைக்கலாமே, மேல்தோல் காரணியின் ஏற்பியை அடைக்கலாமே என்று டாக்டருக்கு மெசேஜ் அனுப்புவேன். அவர் பொறுமையாகப் பதில் போடுவார். மேல்தோல் காரணியின் ஏற்பியை அடைக்கும் எர்லோட்டினிபைச் சோராஃபெனிபோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. எச்ஜிஎஃப் ஏற்பிக்கு என்று டிவாண்டினிப் வந்தது, அதுவும் பெரிய ஆய்வில் தோற்றது. ஒரு பாதையை அடைத்தால் செய்தி இன்னொரு பாதையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்தக் கட்டி எந்தச் செய்தியை நம்பி வாழ்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. சொந்தக்காரர் ஒருவர் பெரும் பணம் கேட்கும் மரபணுப் பரிசோதனை விளம்பரம் ஒன்றை அனுப்பினார். முடிவு எதுவாக வந்தாலும் அப்பாவுக்கு இப்போது தரும் மருந்து மாறுமா என்று ஒரே கேள்விதான் டாக்டரிடம் கேட்டேன். மாறாது என்றார். செய்யவில்லை. எந்தப் பரிசோதனைக்கு முன்னாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

அதே 2020ல்தான் விஇஜிஎஃபைப் பிடித்து வைக்கும் பெவாசிசுமாப் ஊசியையும், எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் அடிசோலிசுமாப் ஊசியையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு வெளியானது. பிறகு வந்த கணக்கில் இடைநிலை ஆயுள் 19.2 மாதம், சோராஃபெனிபுக்கு 13.4. உண்மையான முன்னேற்றம். எங்களால் அந்த விலைக்குப் போக முடியவில்லை. அப்பாவின் உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருந்ததால் ரத்தக்கசிவு ஆபத்தும் இருந்தது. இந்த ஊசி போடப் போகிறவர்கள் முன்னாலேயே எண்டோஸ்கோப்பி செய்து அந்தச் சிரைகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கார்த்திகையில் அப்பா போய்விட்டார். வீட்டில், தறி இருந்த அறையில்.

இதற்குப் பிறகுதான் ஒரு பழைய கதை வெளியே வந்தது. 1998ல் ஊரில் நடந்த ரத்ததான முகாமில் அப்பா ரத்தம் கொடுத்திருக்கிறார். உங்கள் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. அப்பா நாற்பத்தெட்டு நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அந்தக் கடிதம் தறிக்கணக்கு நோட்டுக்குள் மடிந்து கிடந்தது. இதைச் சொன்னால் பலர் அப்பாவின் அறியாமை என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1988ல் சென்னையில் தியாகராஜன் குழு, இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேற்புரதம் ரத்தத்தில் மறைந்தது என்று லான்செட் இதழில் எழுதியது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அப்பா தவறியது கீழாநெல்லி குடித்ததில் இல்லை. குடித்த பிறகு ரத்தத்தை மறுபடி பரிசோதிக்காததில். ஒரு ரத்தச் சோதனை அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்கும். 2 சென்டிமீட்டரில் பிடித்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், சுட்டு அழித்திருக்கலாம். கிருமியை அடக்கினால் அந்தத் தாக்குதலும் ஓயாத பழுதுபார்ப்பும் குறையும், 'வளர்' என்ற கூச்சல் குறையும், புற்றுநோய் வாய்ப்பும் குறையும்.

அப்பாவின் காரியங்கள் முடிந்த மாதமே எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு எப்போதோ கிருமி வந்து தானே போயிருந்த தடம் மட்டும். எனக்கு இல்லை, தடுப்பூசி மூன்று தவணை போட்டுக்கொண்டேன். தம்பிக்கு இருக்கிறது. அவன் பிறந்தது 1988. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நம் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இலவசத் திட்டத்தில் வந்தது 2011 வாக்கில்தான். இந்தக் கிருமி பெரும்பாலும் பிறப்பிலோ சின்ன வயதிலோ ஒட்டிக்கொள்வது என்பதால் பெரியப்பாவையும் அத்தையையும் சோதிக்கச் சொன்னோம். அத்தை முதலில் கோபப்பட்டார், ஏதோ தப்பான நோய் என்று நினைத்துவிட்டார். தொட்டுப் பேசுவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது, ரத்தம் படும் பிளேடு, ஊசி, பிரசவம், உடலுறவு இவற்றால்தான் வரும் என்று உட்கார்ந்து சொன்ன பிறகு வந்தார். அவருக்கும் இருந்தது.

2018ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதனையும் டெனோஃபோவிரும் இலவசம். தம்பியும் அத்தையும் அங்கேதான் வாங்குகிறார்கள். மாத்திரை சாப்பிட்டாலும் ஸ்கேன் நிற்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏஎஃப்பியும். தம்பி சாராயத்தைத் தொடுவதில்லை. கடலை வாங்கினால் பூஞ்சை பிடித்ததை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுகிறாள். அந்தப் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சும் ஹெபடைடிஸ் பியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. தம்பி மகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாயிற்று.

ஜனவரி, ஜூலை என்று காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன ஜனவரியில் தம்பிக்குச் சுத்தமாக இருந்தது. அடுத்தது ஜூலை முதல் வாரம், காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.